வார்டில் நிற்பவர்களைக் கேட்டுவிட்டு மென்பொருள் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனைகள் எல்லாம் கணினிமயமாகப் போகின்றன, ஓபி சீட்டிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி வரை இனி கம்ப்யூட்டரில்தான் என்று பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறேன். படிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. 31 வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, அதில் கடைசி 17 வருடத்தைப் பிரசவ அறையிலும் தாய்-சேய் வார்டிலும் கழித்து ஓய்வு பெற்றவள் நான். காகிதத்தோடு பட்ட பாடு எனக்குத் தெரியும். போன பிரசவத்துக் கேஸ் ஷீட்டைத் தேடி ரெக்கார்ட் ரூமில் தூசிக்குள் உட்கார்ந்திருக்கிறேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு காற்றில் பறந்து கட்டிலுக்கு அடியில் போய் மறுநாள் பெருக்குகிற அம்மா எடுத்துக் கொடுத்ததும் உண்டு. கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்தச் செய்திகளில் ஒன்றிலாவது, இந்த மென்பொருளை எழுதுவதற்கு முன் வார்டில் வேலை பார்க்கிறவர்களிடம் உங்களுக்கு என்ன தகவல், எந்த நேரத்தில், எந்த இடத்தில் வேண்டும் என்று கேட்டோம் என ஒரு வரி வராதா என்று பார்க்கிறேன், வருவதில்லை. என்னிடமும் 31 வருடத்தில் யாரும் கேட்டதில்லை. கடிதம் கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை, அங்கே இருந்த யாருமே வேலையில் குறை வைத்தவர்கள் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். அம்மாவுக்கு நெகட்டிவ் குரூப் ரத்தம். அப்படிப்பட்ட தாய்க்குப் பிறக்கிற குழந்தைக்குப் பாசிட்டிவ் குரூப் இருந்தால், பிறந்து 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். போடாமல் விட்டால் இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த குழந்தைக்குத்தான் ஆபத்து. தாயின் உடம்பில் உருவாகியிருக்கும் எதிர்ப்புப் பொருள் வயிற்றில் இருக்கும் அந்தப் பிள்ளையின் ரத்த அணுக்களை அழித்துவிடும், கடும் மஞ்சள் காமாலை, உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொள்வது, சில சமயம் வயிற்றிலேயே இறந்துபோவது வரை போகும். எல்லா நர்ஸுக்கும் இது தெரியும். தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து அன்று இரவே லேபுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் லேபைக் கம்ப்யூட்டரில் சேர்த்திருந்தார்கள். இனி ரிசல்ட் சீட்டு வார்டுக்கு வராது, கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. சரி. ஆனால் இரண்டு வார்டுக்குச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர், அதுவும் ஆபீஸ் பக்கத்து அறையில். பகலில் டேட்டா என்ட்ரி செய்கிறவர் அதில் உட்கார்ந்திருப்பார், மாலையில் பூட்டிவிட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவார். சனிக்கிழமை காலை ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்டார், குழந்தை குரூப் வந்ததா? இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதே கேள்வி, அதே பதில், ஏனென்றால் 'வருவது' என்றால் எங்களுக்குச் சீட்டு வருவது, பல வருடப் பழக்கம் ஓர் உத்தரவில் மாறிவிடாது. திங்கட்கிழமை மதிய டியூட்டிக்கு நான் போனேன். சாயங்காலம் 5 மணி வாக்கில், அந்தப் பெண்ணின் மாமியார் வந்து, "சிஸ்டர், நாளைக்குக் காலையில வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டார். அனுப்பும் முன் பார்ப்போமே என்று ஆன்டி-டி பதிவேட்டைத் திறந்தால் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருக்கிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை. லேபுக்கு ஓடினேன். அங்கே இருந்த தம்பி நிதானமாகச் சொன்னான்: "சனிக்கிழமை காலையிலயே போட்டாச்சே சிஸ்டர், கம்ப்யூட்டர்ல இருக்கு பாருங்க." இருந்தது. பாசிட்டிவ். அந்தத் திரையில் பச்சை எழுத்தில் 'முடிந்தது' என்றும் இருந்தது.

வார்டு பெட்டியில் ஊசி இல்லை, ஸ்டோர் மூடிவிட்டது, பார்மசிஸ்ட்டை வீட்டிலிருந்து வரவழைத்து, அவரும் பாவம் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து எடுத்துக் கொடுத்து, ஊசி போடும்போது மணி ஏழேகால். கெடு முடிய நான்கு மணி நேரம்கூட மிச்சம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கும் இதெல்லாம் தெரியாது.

லேபில் இருந்தவர் தன் வேலையைச் சரியாக, நேரத்துக்கு முன்பே செய்தார். டாக்டர் தினமும் கேட்டார். நர்ஸுகள் உண்மையைத்தான் சொன்னார்கள். அந்தக் கம்ப்யூட்டரும் ரிசல்ட்டைத் தொலைக்கவில்லை, பத்திரமாக வைத்திருந்தது, 58 மணி நேரத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தது. முன்பு ஒரு வார்டு பாய் சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார், அது கண்ணில் படும். அவர் செய்த வேலையை யாரும் வேலையாக எண்ணவில்லை, அதனால் மென்பொருள் எழுதியவர்களுக்கு அது தெரியவில்லை. 'தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ், இன்னும் ஊசி போடவில்லை, இவ்வளவு மணி நேரம்தான் இருக்கிறது' என்று சிவப்பு எழுத்தில் எங்கள் வார்டு மேசையில் காட்டத் தேவையான அத்தனை விவரமும் அதற்குள்ளேயே இருந்தது. காட்டும்படி யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை, யாருக்குக் காட்ட வேண்டும் என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை.

ஒரு நர்ஸுக்கு ஓர் இரவில் என்னென்ன தெரிய வேண்டியிருக்கிறது என்று வெளியே இருப்பவர்கள் யோசித்துப் பார்ப்பதில்லை. இந்தப் பெண்ணுக்கு ரத்தம் எத்தனை பாயிண்ட், இதற்கு முன் சிசேரியனா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, மதியம் டாக்டர் எழுதிய ஆன்டிபயாட்டிக் முதல் டோஸ் போட்டாயிற்றா இல்லையா, ரத்த வங்கியில் இந்தக் குரூப் இருக்கிறதா, இன்று மயக்க டாக்டர் யார், அவர் போன் நம்பர் என்ன, சீட்டில் எழுதிய மருந்து இல்லையென்றால் ஸ்டோரில் அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது. இவற்றில் பாதிக்கு மேல் எந்தப் புத்தகத்திலும் இல்லை, அந்த நோயாளியையும் அந்த நாளையும் சேர்ந்தவை. இன்னொரு வகையும் உண்டு. ராத்திரி 2 மணிக்கு ஜன்னி கண்டு ஒரு கர்ப்பிணியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், மெக்னீசியம் சல்பேட் போட வேண்டும். ஓர் ஆம்பூலில் 1 கிராம், 2 மில்லி. முதலில் 4 கிராம் நரம்பில், அதாவது 8 மில்லி மருந்தோடு 12 மில்லி சலைன் கலந்து மெதுவாக, அப்புறம் இரண்டு இடுப்பிலும் 5 கிராம் 5 கிராம். பிறகு 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை 5 கிராம், ஒவ்வொரு தடவையும் முழங்கால் தட்டிப் பார்த்து, மூச்சு எண்ணி, மூத்திர அளவு பார்த்துத்தான் போட வேண்டும், கூடிப்போனால் மூச்சு நின்றுவிடும், மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எனக்கு மனப்பாடம். ஆனால் போன வாரம் கண் வார்டிலிருந்து மாற்றலாகி வந்த பெண்ணுக்கு அந்த நேரத்தில், அந்தப் பதற்றத்தில் நினைவு வருமா? அதற்காகத்தான் பிரசவ அறைச் சுவரில் பெரிய எழுத்தில் சார்ட் ஒட்டியிருப்போம். நான் பார்த்ததிலேயே நன்றாக வேலை செய்த தகவல் அமைப்பு அந்தச் சுவர் சார்ட்தான், கேள்வி வருகிற இடத்திலேயே பதில் இருக்கிறது, கைகூடக் கழுவ வேண்டாம், தலையைத் திருப்பினால் போதும். அந்த அளவுக்குப் பக்கத்தில் வராத எந்தக் கம்ப்யூட்டரும் ராத்திரி 2 மணிக்கு உதவாது.

என் மகள் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறாள். தன் படிப்புக்காக அவள் எடுத்து வைத்திருந்த சில ஆய்வுகளை எனக்குப் படித்துச் சொன்னாள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 1985-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 47 டாக்டர்களிடம் முதலில் உங்களுக்குத் தெரியாத விஷயத்தைத் தேட வேண்டிய அவசியம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று தாளில் எழுதிக் கேட்டார்களாம், வாரத்துக்கு ஒரு தடவை என்று பதில் வந்ததாம். அப்புறம் அவர்கள் நோயாளி பார்க்கும் இடத்துக்கே போய்க் கூட இருந்து விசாரித்தால், மூன்று நோயாளிக்கு இரண்டு கேள்வி என்ற கணக்கில் கேள்விகள் வந்திருக்கின்றன, அதில் 30 சதவீதத்துக்குத்தான் அப்போதே பதில் கிடைத்திருக்கிறது, அதுவும் பெரும்பாலும் புத்தகத்திலிருந்து இல்லை, இன்னொரு டாக்டரையோ கூட வேலை செய்பவரையோ கேட்டு. எனக்கு இதைக் கேட்டதும் சிலிர்த்துப்போயிற்று, எங்கள் வார்டும் அப்படித்தானே. ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகள் ராத்திரியில் என்னிடம்தான் வருவார்கள், "சிஸ்டர், இதுக்கு சீஃப் வழக்கமா என்ன போடுவார்?" என்று. நான் வார்டு அக்காவைக் கேட்டு வளர்ந்தேன், என்னைக் கேட்டு அடுத்தவர்கள் வளர்ந்தார்கள். ஆளை மாற்றினால் அந்த அறிவும் ஆளோடு போய்விடும். அந்த ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் அதிகாரிகள் கவனிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். உனக்கு என்ன வேண்டும் என்று படிவம் கொடுத்துக் கேட்டால் உண்மை வராது. வேலை செய்கிறவருக்கே தான் எத்தனை தடவை தேடுகிறோம் என்பது தெரியாது, பழகிவிட்டது. கூட நின்று பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது இரட்டை வேலை. பிரசவ அறைப் பதிவேடு, பிறப்புப் பதிவேடு, ஆன்டி-டி பதிவேடு, பச்சிளம் குழந்தைப் பதிவேடு, மருந்து இன்டென்ட், கேஸ் ஷீட், பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று வரைகிற பார்ட்டோகிராம், டியூட்டி மாறும்போது ஓவர் கொடுக்க, எடுக்க வைத்திருக்கிற ரிப்போர்ட் புக். எல்லாவற்றையும் கையால் எழுதி முடித்த பிறகு அதே விவரத்தைக் கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டர் வந்ததும் ஒரு பதிவேடாவது குறையும் என்று நம்பினோம், ஒன்றுகூடக் குறையவில்லை, ஆடிட் வந்தால் நோட்டைத்தான் கேட்பார்கள். போதனா மருத்துவமனைகளின் பொது வார்டில் 3 நோயாளிக்கு 1 நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிறது. நான் இருந்த இடத்தில் இரவில் 50-க்கு மேல் தாய்மார், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு குழந்தை, இரண்டு நர்ஸ். எப்போது ஏற்றுவது? டியூட்டி முடிந்து, அடுத்தவர் வந்த பிறகு, புடவை மாற்றுவதற்கு முன் உட்கார்ந்து மொத்தமாக ஏற்றுவோம். விடியற்காலை 4 மணிக்குப் பார்த்த பி.பி. காலை 7.40-க்கு ஏறும். கையில் எழுதி வைத்த துண்டுச்சீட்டைப் பார்த்து ஏற்றினால் பரவாயில்லை, சீட்டைத் தவறவிட்டால் நினைவிலிருந்து. மேலே இருக்கிறவர்கள் பார்க்கும்போது 50 பேருக்கும் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை பி.பி. பார்த்ததாக வரிசையாக, அழகாக, ஒரு கட்டம் விடாமல் இருக்கும். அந்த அழகை நம்பாதீர்கள் என்று உள்ளே இருந்தவளாகச் சொல்கிறேன். ராத்திரி 4.30-க்கு வீட்டிலிருந்து போனில் பார்க்கிற டாக்டருக்கு அந்தத் திரையில் எதுவுமே இருக்காது.

கடவுச்சொல் விஷயமும் அப்படியே. ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கொடுத்தார்கள், ஆனால் ஒருவர் வெளியே வந்து இன்னொருவர் உள்ளே போக எங்கள் கம்ப்யூட்டரில் மூன்று நான்கு நிமிடம் ஆகும். குழந்தை நீலம் பூத்துக் கிடக்கும்போது யார் காத்திருப்பார்கள்? வார்டே ஒரே லாகினில் வேலை செய்தது, கடவுச்சொல் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அது தப்பு, எங்களுக்கும் தெரியும். நாளைக்கு ஒரு மருந்து தவறாகப் போயிருந்தால், காலை டியூட்டி முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் பெயரில் அது இருக்கும். ஆனால் ஒழுங்காக இருங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பி இதைச் சரிசெய்ய முடியாது, அடையாள அட்டையைக் காட்டினால் இரண்டு விநாடியில் திறக்கும்படி செய்தால் யாரும் கடவுச்சொல்லை ஒட்டி வைக்கமாட்டார்கள்.

பெயர் பற்றியும் சொல்லியாக வேண்டும், இது நம் ஊருக்கே உரிய சிக்கல். மென்பொருளில் முதல் பெயர் ஒரு கட்டம், கடைசிப் பெயர் ஒரு கட்டம். நம் பெண்களுக்குக் கடைசிப் பெயர் ஏது? ஒருவர் இனிஷியலைப் போடுவார், ஒருவர் கணவர் பெயரைப் போடுவார், ஒருவர் புள்ளி வைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவார். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல், ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. லட்சுமி என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள், நான் ஐந்து விதம் பார்த்திருக்கிறேன், எல்லாம் ஒரே வார்டில். ஒரே நாளில் இரண்டு லட்சுமி, இரண்டு பேர் கணவரும் முருகன், வயது இரண்டு பேருக்கும் 24 என்று இருந்தபோது, பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போடாதே என்பதுதான் எங்கள் பாதுகாப்பு முறை. ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஊர்ப் பெயரை வைத்துத் தேடுகிற வசதி மென்பொருளில் இல்லை. தமிழிலேயே பெயரைத் தட்டினால், குடும்பத்தாரும் திரையைப் பார்த்து "இது எங்க பிள்ளை பேரு இல்லையே" என்று சொல்லலாமே, கையில் பார்கோடு பட்டை கட்டினால் பெயர் குழப்பமே வராதே. பெரிய செலவு இல்லை இதெல்லாம்.

அப்புறம் பிக்மி, கர்ப்பிணிகளைப் பதிவு செய்து விவரம் ஏற்றுகிற அரசின் கம்ப்யூட்டர் அமைப்பு. கர்ப்பம் என்று தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்து எண் வாங்கித் தருவார். அந்த எண் இல்லாமல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி கிடைக்காது, குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும் என்பது இன்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் செவிலியர்கள் வெயிலில் வீடு வீடாகப் போய், ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஸ்கேன், ஊசி போட்ட தேதி என்று மாதாமாதம் ஏற்றுகிறார்கள். நான் வேலை பார்த்த இடத்தில், அந்தப் பெண் வலியோடு ராத்திரியில் வந்து இறங்கும்போது அந்த ஒன்பது மாத உழைப்பில் எங்கள் கைக்கு வந்தது அந்த எண் மட்டும்தான். மற்றது எல்லாம் அவள் மாமியார் மஞ்சப்பையில் கொண்டுவந்தால் உண்டு. பையை வீட்டில் வைத்துவிட்டு ஆம்புலன்ஸில் ஏறியிருந்தால், ரத்தக் குரூப்பிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். அந்தச் செவிலியருக்கும் பிரசவம் எப்படி நடந்தது, தையல் போட்டார்களா, குழந்தை எடை என்ன என்று எங்களிடமிருந்து உடனே போவதில்லை, அவரும் போன் போட்டுத்தான் கேட்பார். தகவல் எல்லாம் கீழேயிருந்து மேலே போகிறது, மேலே அட்டவணையாகிறது, கூட்டத்தில் காட்டப்படுகிறது. கீழே இருக்கிற இன்னொருவருக்குப் பக்கவாட்டில் போக வழியில்லை. எங்களுக்கு வேண்டியது அந்தப் பக்கவாட்டு வழிதான். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 2021-லிருந்து ஆளுக்கு ஆபா என்கிற 14 இலக்க சுகாதார அடையாள எண் கொடுக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி விவரம் போக அது வழி என்கிறார்கள். நல்லதுதான். எத்தனை பேருக்கு எண் கொடுத்தோம் என்று எண்ணுவதைவிட, ராத்திரியில் வந்தவரின் பழைய விவரத்தை எத்தனை நர்ஸ், எத்தனை டாக்டர் அந்த எண்ணை வைத்துத் திறந்து பார்த்தார்கள் என்று எண்ணுங்கள்.

நம்மால் முடியாது என்று நான் சொல்லமாட்டேன், முடிந்திருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் வந்ததற்கு முன் ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறதா என்பது குலுக்கல் மாதிரி. மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்கில் வைத்து, எந்தக் கிடங்கில் எது எவ்வளவு இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்கு வைத்து, ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் கொடுத்து அதில் எடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எழுதினார்கள். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் இதே மாதிரி ஆரம்பித்தன. அது ஏன் நிலைத்தது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அங்கே கணக்கு எழுதுகிற பார்மசிஸ்ட்டுக்கே அந்தக் கணக்கு திரும்ப வேலைக்கு ஆகிறது. தன் ஆஸ்பத்திரிக்கு இன்னும் எவ்வளவு வாங்கலாம் என்று அந்தப் புத்தகத்தைத் திறந்தால் தெரியும். தனக்குப் பயன்படுகிற கணக்கை யாரும் தப்பாக எழுதமாட்டார்கள். வார்டு மென்பொருளுக்கும் இதுதான் வேண்டும். நான் பி.பி.யைக் கம்ப்யூட்டரில் பதிந்தால், பி.பி. கூடிக்கொண்டே போவதைக் கண்டு எனக்கே எச்சரிக்கை வர வேண்டும், அடுத்த டியூட்டிக்காரிக்கு ஓவர் சீட்டு தானாகவே தயாராக வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரியில் நான் மறுபடி எழுதாமல் வந்து உட்கார வேண்டும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் என் மகள் ஒன்று காட்டினாள், அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 2002-இல் மருந்து எழுதுவதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து மாற்றி அனுப்பப்பட்டு வந்த குழந்தைகளில் இறப்பு முன்பு 2.80 சதவீதம், மாற்றிய பிறகு ஐந்து மாதத்தில் 6.57 சதவீதம். 2005-இல் அங்கிருந்த டாக்டர்களே எழுதி வெளியிட்டார்கள், அந்த நேர்மைக்குக் கும்பிடு போட வேண்டும். முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே மருந்தை எழுதித் தயாராக வைத்திருப்பார்கள், புது முறையில் குழந்தை வந்து பதிவாகும் வரை எதுவும் எழுத முடியாது. வார்டில் கைக்கெட்டும் இடத்தில் இருந்த மருந்தெல்லாம் மருந்தகத்துக்குப் போய்விட்டது. குழந்தை பக்கத்தில் நின்ற டாக்டரும் நர்ஸும் கம்ப்யூட்டர் பக்கம் போனார்கள். பிறகு சியாட்டிலில் இன்னொரு குழந்தைகள் ஆஸ்பத்திரி அதே மென்பொருளைப் போட்டது, பிட்ஸ்பர்க்கில் என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அடிக்கடி தேவைப்படும் மருந்துத் தொகுப்புகளை முன்கூட்டியே எழுதி வைத்து, வேலை நடக்கிற முறையைப் பார்த்து மாற்றிக்கொண்டு போட்டது. அங்கே இறப்பு கூடவில்லை. இரண்டு இடத்திலும் மென்பொருள் ஒன்றுதான், இதைத் தயவுசெய்து டெண்டர் போடுகிறவர்கள் படிக்க வேண்டும்.

கணினிக்கு முன் கழிகிற நேரமும் சின்னதில்லை. 2016-இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், டாக்டர்கள் நோயாளியோடு செலவிடுகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரிலும் மேசை வேலையிலும் போகிறது என்று கண்டுபிடித்தார்கள். அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே அப்படி. நம் ஓபியில் ஒரு டாக்டர் காலையில் 100 பேரைப் பார்க்கிறார்.

நான் கேட்பது அதிகமில்லை. இந்த வேலையை எடுத்திருக்கிற குழுவிலிருந்து இரண்டு பேர், அதிகாரி ஒருவர், மென்பொருள் எழுதுகிறவர் ஒருவர், முன்னறிவிப்பு இல்லாமல் ஏதாவது ஓர் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுக்கு இரவு 7 மணிக்கு வந்து காலை 7 மணி வரை இருக்கட்டும். விருந்தினராக வேண்டாம், மாலை பொன்னாடை வேண்டாம், கையில் ஒரு நோட்டு போதும். நர்ஸ் எத்தனை தடவை நடக்கிறாள், எதைத் தேடி நடக்கிறாள், யாருக்குப் போன் போடுகிறாள், எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அப்படியே விட்டுவிடுகிறாள் என்று எழுதட்டும். லேபிலும் மருந்தகத்திலும் ரெக்கார்ட் ரூமிலும் அப்படியே ஓர் இரவு. ஒரு வார்டில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால், அதற்குப் பதிலாக எந்தப் பதிவேட்டை நிறுத்தலாம் என்று அதே உத்தரவில் எழுதிக் கொடுங்கள். கரண்டு போனால், சர்வர் படுத்தால் எந்தத் தாளில் எழுத வேண்டும், பிறகு அதை யார் ஏற்ற வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். பயிற்சி என்று சொல்லி ஹாலில் 200 பேரை உட்கார வைத்துத் திரையில் படம் காட்டாதீர்கள், முதல் இரண்டு வாரம் ஒருவர் வார்டில் எங்கள் பக்கத்தில் நிற்கட்டும், தப்பாக ஏற்றினால் திருத்தட்டும், நாங்கள் சொல்வதைக் கேட்டு மென்பொருளையும் திருத்தட்டும்.

நான் வேலை பார்த்த வார்டில் மேசையின் கீழ் டிராயரில் நீளமான ஒரு நோட்டு இருக்கும். எனக்கு முன் இருந்த அக்கா ஆரம்பித்தது. யார் யாருடைய போன் நம்பர், எந்த மருந்தை எதில் எவ்வளவு கலப்பது, பார்க்க ஒன்றுபோல இருக்கும் ஆம்பூல்கள் எவை, ரத்த வங்கியில் நெகட்டிவ் குரூப் இல்லையென்றால் அடுத்து எங்கே கேட்க வேண்டும், எந்த லேப் ரிசல்ட்டை நாமே போய் வாங்க வேண்டும் என்று, அந்தந்த இரவில் தடுமாறியவர்கள் அடுத்தவர் தடுமாறக் கூடாதே என்று எழுதி எழுதி வைத்தது. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நான் அதில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினேன்: நெகட்டிவ் தாய் என்றால் குழந்தை குரூப்பை லேபுக்கு நேரில் போய்க் கேள். ஓய்வு பெறும் நாளில் நோட்டை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன், எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லா வார்டிலும் இப்படி ஒன்று இருக்கும். மென்பொருள் எழுத வருகிறவர்கள் முதலில் அதை வாங்கிப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனை நர்ஸ்,
தென் மாவட்டத்திலிருந்து.